லெந்து காலப் பாடலைப் பதிவு செய்து வெளியிடுவது எப்படி? முதன்முறை முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இயேசுவின் பாடுகளையும் அவர் பெற்றுத் தந்த மீட்பையும் பற்றி ஒரு பாடல் எழுதி வைத்திருக்கிறீர்கள். சபையில் பாடியபோது கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். இதைப் பதிவு செய்து வெளியிடலாமே என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் பாடகர் குழுவும் அங்கிருந்துதான் புறப்பட்டது. ஆனால் எங்கள் முதல் பாடல் வெளிவந்தபோது ஈஸ்டர் முடிந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. உயிர்த்தெழுதலைக் கொண்டாடிக்கொண்டிருந்த சபையில், சிலுவையடியில் நின்று அழும் பாடலைப் பாட யாருக்கும் மனம் வரவில்லை. பணம் இருந்தது, நல்ல குரல்களும் இருந்தன. கையெழுத்தாக வேண்டிய தாள்கள்தாம் உரிய நாளில் தயாராகவில்லை. அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்தோம். அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றவற்றைச் செய்யவேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் மாறி மாறி வரும். அதற்கு 46 நாட்கள் முன்னதாகச் சாம்பல் புதன் வரும்; லெந்து காலம், அதாவது தவக்காலம், அன்றுதான் தொடங்குகிறது. கத்தோலிக்கர் இதைத் திருநீற்றுப் புதன் என்பார்கள். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, பெரிய வெள்ளி மார்ச் 26, ஈஸ்டர் மார்ச் 28. 2028இல் சாம்பல் புதன் மார்ச் 1, ஈஸ்டர் ஏப்ரல் 16. இரண்டு ஆண்டுகளுக்கு இடையே ஏறத்தாழ மூன்று வாரம் வேறுபடுவதால், சென்ற ஆண்டின் கணக்கை வைத்துக்கொண்டு திட்டமிடாதீர்கள்.

பாடல் சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்பாவது வெளிவந்துவிட வேண்டும். பாடகர் குழு அதைக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று ஒத்திகை தேவைப்படும் என்பதை மறக்கக்கூடாது. பாடலை இசைத்தளங்களுக்கு அனுப்பிவைக்கும் இணைய விநியோக நிறுவனத்துக்கு வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்னதாகக் கோப்பைக் கொடுத்துவிடுவது நல்லது. அப்படியானால் 2027க்கான பாடல் சனவரி முதல் வாரத்தில் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் விழும் பள்ளம் இருக்கிறது. சனவரியில் முடிக்க வேண்டுமென்றால் டிசம்பரில் பதிவு செய்யலாம் என்று நினைப்போம். டிசம்பரில் கீபோர்டு வாசிப்பவரும், கோரஸ் பாடுபவர்களும், ஒலிப்பதிவுக் கூடமும் கிறிஸ்மஸ் வேலையில் மூழ்கியிருப்பார்கள். ஆகவே குரல்பதிவை நவம்பர் 20க்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மெட்டு அக்டோபரிலும், வரிகள் ஆகஸ்ட் இறுதியிலும் உறுதியாகியிருக்க வேண்டும். லெந்து காலப் பாடலை ஆடி மாதத்தில் எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்த அமைதியான மாதங்கள்தாம் சொற்களை நிறுத்துப் பார்க்க ஏற்றவை.

2. மெட்டுக்கு முன் சொற்களை முடியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒலிப்பதிவில் வந்த குறையை, குரலையும் இசையையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் ஓரளவு சரிசெய்யலாம். பாடப்பட்டுவிட்ட ஒரு தவறான சொல்லை மாற்ற வேண்டுமானால் பாடகரை மறுபடி அழைக்க வேண்டும்.

பலி, தியாகம், மீட்பு, இரட்சிப்பு ஆகிய நான்கு சொற்களும் ஒன்றுபோல் தோன்றினாலும் தமிழ்க் காதில் வேறு வேறாக விழுகின்றன. ‘விபத்தில் மூவர் பலி’ என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும் நமக்கு, ‘பலியானார்’ என்ற வினை தற்செயலாக உயிரிழந்த ஒருவரைத்தான் நினைவூட்டும். யோவான் 10:18 சொல்வதோ வேறு: அவருடைய உயிரை யாரும் பறிக்கவில்லை, அவரே கொடுக்கிறார். எனவே ‘சிலுவையில் பலியானார்’ என்று எழுதுவதைவிட ‘தம்மையே பலியாகத் தந்தார்’ என்ற பொருளில் வரி அமைவது சரியாக இருக்கும். எங்கள் முதல் பாடலில் ‘பலியானாரே’ என்று இருந்ததை மூத்த ஆயர் ஒருவர் சுட்டிக்காட்டியபோதுதான் உறைத்தது. அதற்குள் பாடல் பதிவாகியிருந்தது.

‘தியாகம்’ நம் நாவில் விடுதலைப் போராட்டத்தோடும் தாயன்போடும் சேர்ந்து பழகிய சொல். விட்டுக்கொடுத்தலை அது நன்றாகச் சொல்லும். பாவத்துக்கான பரிகாரம் என்ற பொருளை மட்டும் அதனால் தனியே சுமக்க முடியாது. எபிரெயர் 9ஆம் அதிகாரத்தின் அடிப்படையில் எழுதுகிறீர்கள் என்றால் ‘பலி’ தவிர்க்க முடியாதது.

‘மீட்பு’ தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் செல்வம். அடகு வைத்த நகையை மீட்பது என்று வீட்டில் சொல்கிறோமே, விவிலியச் சொல்லின் வேரும் அங்கேதான் இருக்கிறது. லேவியராகமம் 25இல், வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக அவனுடைய உறவினன் வந்து விலை கொடுத்து அதை மீட்கிறான். 1 பேதுரு 1:18-19இல் அந்த விலை வெள்ளியும் பொன்னும் அல்ல, குற்றமற்ற ஆட்டுக்குட்டியின் இரத்தம். இந்த ஒரு படிமத்தை மூன்று சரணங்களுக்கு விரித்தாலே போதும். வேறு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு வீட்டின் அடகுச்சீட்டு கிழிக்கப்படுவதைப் போல ஒரு வரி எழுதினோம். எங்கள் பாடலில் மக்கள் மனத்தில் தங்கியது அதுதான்.

‘இரட்சிப்பு’ சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வேரூன்றிய சொல். கத்தோலிக்க வழிபாட்டில் ‘மீட்பு’ என்பதே இன்றைய வழக்கு. அதேபோல ‘கர்த்தர்’ ஒரு பக்கம், ‘ஆண்டவர்’ மறுபக்கம். ‘பரிசுத்த ஆவி’ ஒரு பக்கம், ‘தூய ஆவி’ மறுபக்கம். பாடல் இரு திருச்சபைகளிலும் ஒலிக்க வேண்டும் என்று விரும்பினால் ‘மீட்பர்’, ‘ஆண்டவர்’, ‘சிலுவை’ ஆகிய பொதுச் சொற்களைக் கொண்டு எழுதுங்கள். ஒரே பாடலில் இரு வழக்குகளையும் கலந்தால் இரு தரப்பாருக்கும் அந்நியமாகத் தோன்றும்.

இன்னும் ஒன்று. பாடுகளின் பாடல் எழுதும் புதியவர்கள் கசையடியையும் ஆணியையும் முள்முடியையும் மூன்று சரணங்களிலும் விவரித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கேட்பவருக்கு இரக்கம் வருகிறது. அந்த வேதனை யாருக்காக, அதனால் என்ன கிடைத்தது என்பது மட்டும் சொல்லப்படாமலே போய்விடுகிறது. ஏசாயா 53 வேதனையைச் சொல்லும்போதே ‘நமக்காக’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கடைசிச் சரணத்திலாவது மீட்கப்பட்டவனின் குரல் கேட்க வேண்டும்.

வரிகளை எழுதி முடித்தபின் மெதுவாக உரக்கப் படித்துப் பாருங்கள். ‘உயிர் தந்தார்’ என்பதும் ‘உயிர்த்தார்’ என்பதும் வேகமாகப் பாடும்போது ஒன்றாகிவிடும்; பெரிய வெள்ளிப் பாடலில் இந்தக் குழப்பம் வரக்கூடாது.

3. சபையின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்

சி.எஸ்.ஐ. சபையில் முதலில் ஆயரிடம் வரிகளைக் காட்டுங்கள். பாடகர் குழுவின் பெயரிலோ ஆலயத்தின் பெயரிலோ வெளியிடுவதானால் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் தீர்மானமும் வேண்டும். கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும் என்பதால் இதற்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். ஆலயத்துக்குள் படம் எடுக்க விரும்பினால் அந்த அனுமதியையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

கத்தோலிக்கத் திருப்பலியில் பாடுவதற்கான பாடல் என்றால், பங்குத்தந்தை வழியாக மறைமாவட்ட வழிபாட்டுப் பணிக்குழுவை அணுகுங்கள். தவக்காலத்தில் அல்லேலூயா பாடப்படுவதில்லை. ஆகவே இறுதிச் சரணம் எவ்வளவு மகிழ்ச்சியாக முடிந்தாலும் அந்தச் சொல்லை நுழைக்காதீர்கள். அக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பதும் வழிபாட்டு ஒழுங்கு. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டும் விலக்கு. ஒன்றரை நிமிடப் புல்லாங்குழல் இடையிசையை வைத்துவிட்டு, ஆலயத்தில் ஏன் பாடவில்லை என்று வருந்திய நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பெரிய வெள்ளியன்று பகல் 12 முதல் 3 வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனைக்காக எழுதுகிறவர்கள், பாடலை ஐந்து நிமிடத்துக்குள் அடக்குங்கள். இரண்டு தியானங்களுக்கு இடையில் அவ்வளவுதான் இடம் கிடைக்கும்.

4. மெட்டு யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

முதலில் இசையைப் பற்றி இரண்டு சொல். முகாரியும் சிவரஞ்சனியும் சுபபந்துவராளியும் துயரத்துக்கு உடனே கைகொடுக்கும் இராகங்கள். ஆனால் பாடல் முழுவதும் சுபபந்துவராளியிலேயே நின்றால் மீட்பைச் சொல்லும் சரணமும் ஒப்பாரியாகவே கேட்கும். எங்கள் இரண்டாம் பாடலில் கடைசிச் சரணத்தை மட்டும் மோகனத்துக்கு மாற்றினோம். பல்லவியைச் சபையார் எல்லோரும் பாட வேண்டும் என்பதால் மேல் ஸட்ஜத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம்.

இனி உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, பாடல் வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுள்காலமும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களையும் 1900இல் மறைந்த எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையின் பாடல்களையும் யாரும் பதிவு செய்யலாம். ஆனால் பழைய வரிகளுக்கு அண்மையில் யாரோ அமைத்த மெட்டு அவருடையது. பழைய ஆங்கிலப் பாமாலைக்கு இன்றைய ஒருவர் செய்த தமிழாக்கம் அந்த மொழிபெயர்ப்பாளருடையது. ஒலிப்பதிவுக்கோ வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகளுக்குத் தனி உரிமை உண்டு. ‘எல்லா ஆலயத்திலும் பாடுகிறார்களே’ என்பது அனுமதி ஆகாது. உண்மையான சமயச் சடங்கின்போது பாடுவதற்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அதே பாடலைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதற்கும் அந்த விலக்கு பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பிறர் பாடலை மீண்டும் பதிவு செய்ய 31சி பிரிவில் வழி உண்டு. ஆனால் முதல் பதிவுக்குப் பின் ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். ஒரு சபைக் குழுவுக்கு இது எட்டாத கனி. உரிமையாளரிடம் நேராகப் பேசி எழுத்தில் அனுமதி வாங்குவதே எளிது. பாடியவரின் அனுமதி போதாது. பாடலை எழுதியவர், மெட்டமைத்தவர், அவர்கள் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நிறுவனம், இவர்களிடம் கேட்க வேண்டும்.

எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாடலின் இடையிசையில் இசைக்கோர்ப்பாளர் சேர்த்த ஒரு வயலின் துணுக்கு, வேறொரு வெளியீட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. எங்களில் யாருக்கும் அது தெரியாது. வெளியான மூன்றாம் நாள் யூடியூபில் உரிமைக்கோரல் வந்துவிட்டது. இடையிசையை மாற்றி மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டியதாயிற்று. பயன்படுத்தும் லூப், சாம்பிள் போன்ற ஆயத்த ஒலித்துணுக்குகள் எல்லாம் உரிமம் பெற்றவை என்று இசைக்கோர்ப்பாளரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

5. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையுமுன் கையெழுத்துகள்

நாம் எல்லோரும் ஊழியமாகத்தானே செய்கிறோம், இதற்கு ஏன் ஒப்பந்தம் என்று கேட்பார்கள். ஊழியமாகச் செய்வதால்தான் மனக்கசப்பு வராமல் எழுதிவைக்க வேண்டும். தேவையான தாள்கள் இவை:

- பாடலாசிரியர், இசையமைப்பாளர் இருவரிடமிருந்தும், பாடலைப் பதிவு செய்து வெளியிட அனுமதிக்கும் கடிதம்.
- பாடியவர்கள், கோரஸ் குழுவினர், வாத்தியக் கலைஞர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் இசைவுக் கடிதம், பெற்ற தொகைக்கான ரசீதோடு. பதினெட்டு வயது நிறையாதவர் பாடினால் பெற்றோர் கையெழுத்து.
- ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் யார் என்ற ஒப்பந்தம். சட்டப்படி ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே. பத்துப் பேர் பணம் போட்டிருந்தால் யார் பெயரில் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.
- ஒலிப்பதிவுக் கூடத்தோடு கட்டணம், நேரம், எத்தனை திருத்தம், மூலக்கோப்புகள் நமக்கு ஒப்படைக்கப்படுமா என்பவை அடங்கிய தாள்.

மூலக்கோப்புகளைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். தனித்தனி ட்ராக்குகளைக் கேட்டு வாங்காவிட்டால் பின்னாளில் மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத இசை மட்டும்) எடுக்கவும் முடியாது, தவறைத் திருத்தவும் முடியாது.

ஏதேனும் ஆடியோ நிறுவனம் ‘நாங்களே வெளியிடுகிறோம், கையெழுத்துப் போடுங்கள்’ என்றால், வீட்டுக்கு எடுத்துச் சென்று வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். உரிமை மாற்றம் எழுத்திலும் கையெழுத்தோடும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்ளும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் அந்தத் தாளில் ஏன் அச்சிடப்பட்டிருக்கின்றன என்பது இதிலிருந்து புரியும். திரைப்படம் சாராத ஒலிப்பதிவுக்காக உரிமையை மாற்றிக்கொடுத்தாலும், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் சமபங்கு கேட்கும் உரிமையை 2012 திருத்தம் காத்திருக்கிறது.

6. பதிவும் செலவும்

ஊருக்கு ஊர் கட்டணம் மாறும். எங்கள் இரண்டாம் பாடலுக்கு ஆனதை அப்படியே தருகிறேன்: இசைக்கோர்ப்பு 18,000 ரூபாய், குரல்பதிவு ஆறு மணி நேரம், மணிக்கு 800 வீதம் 4,800, புல்லாங்குழல், வயலின் கலைஞர்களுக்குத் தலா 4,000, கோரஸ் நால்வருக்குத் தலா 2,000, மிக்ஸிங், மாஸ்டரிங் 9,000, வரிகளைக் காட்டும் காணொளி 4,500, பதிப்புரிமைப் பதிவு 3,000. மொத்தம் 55,300 ரூபாய். முதல் பாடலுக்கு இதைவிடக் கூடுதலாகவே செலவழித்தோம். முன்னணிப் பாடகர் வரிகளை மனப்பாடம் செய்யாமல் வந்ததால் குரல்பதிவு மட்டும் பதினான்கு மணி நேரம் நீண்டது. கூடத்துக்கு வருமுன் வீட்டிலேயே கைபேசியில் முழுப் பாடலையும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு ஒரு ரூபாயும் ஆகாது, பல ஆயிரம் மிச்சமாகும்.

முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தொடக்கத்தில், ஒரு பங்கு குரல்பதிவு முடிந்ததும், மீதி மூலக்கோப்புகள் கைக்கு வந்த பிறகு.

7. பதிப்புரிமைப் பதிவு

பதிவு செய்யாவிட்டாலும் படைப்பாளிக்கு உரிமை உண்டு. பதிவு செய்தால் தகராறு வரும்போது அது சான்றாக நிற்கும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14ஐ நிரப்பி விண்ணப்பிக்கலாம். பாடல் வரிகளுக்கு 500 ரூபாய், இசைக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 எனத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததும் டைரி எண் கிடைக்கும். அதன்பின் எவரேனும் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குப் பிறகே ஆய்வு நடக்கும். சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம் என்பதால் அதற்காக வெளியீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். விண்ணப்பிப்பவர் வேறு, படைத்தவர் வேறு என்றால் படைத்தவரின் தடையின்மைக் கடிதம் தேவை. ஐந்தாம் படியில் வாங்கிய தாள்கள் இங்கே உதவும். பெயர் எல்லாத் தாள்களிலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் முன்னும் மறுதாளில் பின்னும் இருந்ததற்காக எங்கள் விண்ணப்பம் ஒன்று திருப்பப்பட்டது.

8. இணையத்தில் வெளியிடுதல்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்கு விநியோக நிறுவனம் வழியாகத்தான் அனுப்ப முடியும். சில நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் வாங்கும், சில வருவாயில் பங்கு எடுத்துக்கொள்ளும். ஆண்டுக் கட்டணத்தைப் புதுப்பிக்காவிட்டால் பாடல் நீக்கப்படுமா என்பதைச் சேருமுன் படித்துப் பாருங்கள். லெந்து காலப் பாடல் ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் தேவைப்படுவது.

கொடுக்க வேண்டியவை: சுருக்கப்படாத வேவ் கோப்பு, 3000க்கு 3000 பிக்சல் அளவில் சதுர முகப்புப் படம், பாடலாசிரியர், இசையமைப்பாளரின் முழுப்பெயர்கள், பாடல் மொழி. இணையத்தில் கிடைத்த சிலுவைப் படத்தை முகப்பாக வைக்காதீர்கள். அதற்கும் உரிமையாளர் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறியீடு வேண்டும். பெரும்பாலும் விநியோக நிறுவனமே அதைத் தரும். மைனஸ் ட்ராக்குக்குத் தனிக் குறியீடு பெற வேண்டும். ஸ்பாட்டிஃபையின் பாடல்பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க விரும்பினால் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக விண்ணப்பியுங்கள். உரிமைத்தொகை பெற எண்ணும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அவர்களுக்காக உரிமைத்தொகை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம், பான் அட்டையும் வங்கி விவரமும் கையில் இருக்கட்டும்.

9. சபைகளுக்கான கோப்புறை

பாடல் இணையத்தில் இருப்பதாலேயே சபையில் பாடப்பட்டுவிடாது. பாடகர் குழுத் தலைவருக்கு அவர் கையாளக்கூடிய வடிவில் அதைக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கும் வரிகள், கீபோர்டுக்கும் கிட்டாருக்குமான கார்டுகள் (chords), சுருதியும் தாளமும், மைனஸ் ட்ராக், நான்கு குரல் அமைப்பு இருந்தால் அதன் சொல்ஃபா குறிப்பு (சுரங்களை எழுத்துகளால் காட்டும் முறை) ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் மூத்த பாடகர்கள் இன்றும் சொல்ஃபா பார்த்தே பாடுகிறார்கள். அது இல்லாமல் அனுப்பிய முதல் ஆண்டு, திருப்பிக் கேட்டுத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. ‘ஆராதனையில் தடையின்றிப் பாடலாம், மறுபதிவு செய்ய எங்களிடம் கேளுங்கள்’ என்ற வாக்கியத்தை வரித்தாளின் அடியில் அச்சிட்டுவிடுங்கள். கோப்புறையைச் சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் முன்னதாக, அதாவது 2027இல் சனவரி 27க்குள் அனுப்பினால், முதல் லெந்து வெள்ளிக்குள் அவர்களால் பழகிவிட முடியும்.